பாம்பு விளையாட்டில் "ராப் அரவுண்ட்": தமிழில் ஒரு சொல் வேண்டும்

கணினி ஆசிரியை, மார்த்தாண்டம்:

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய கைபேசி விளையாட்டுகளைப் பிள்ளைகளே ஸ்கிராட்ச், பைத்தான் ஆகிய நிரல்மொழிகளில் செய்து பார்க்கும் விடுமுறைப் பயிற்சிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாம்புப் பாடம் ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. நோக்கியா 6110-ன் பாம்பு சுவரில் முட்டினால் செத்துவிடும். 2000-ல் 3310-ல் வந்த இரண்டாம் பாம்பு, தடுப்பு இல்லாத இடத்தில் வலப்பக்கம் வெளியேறினால் இடப்பக்கம் வரும். இதை என்னவென்று சொல்வது? வெறும் பெயர்ச்சொல் போதாது. "பாம்பு ...கும்" என்று வினையாகவும் எழுத வரவேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தக்கலை:

டீச்சர், சொல் நம்மிடமே இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாகும். கடைசிப் பாட்டின் ஈறு முதற்பாட்டின் தொடக்கத்தோடு சேர்ந்தால் அதை மண்டலித்தல் என்பார்கள். பாம்பு செய்வதும் இதுவே. "அந்தாதிக்கும்" என்று வினையாக்க முடியாதுதான், ஆனால் "பாம்பு மண்டலிக்கும்" என்று தாராளமாக எழுதலாம். விஷவைத்தியத்தில் மண்டலி என்று பாம்பில் ஒரு வகையே உண்டு. உடலில் வட்ட வட்டமாக இருக்கும் புள்ளியால் வந்த பெயர் அது. மடக்கணியையும் பாருங்கள், வந்த சொல்லே திரும்ப வரும்...

நிரலாளர், நாகர்கோவில்:

சார், மண்டலம் வடசொல் என்று யாராவது கிளம்புவதற்குள் என் தடையைச் சொல்லிவிடுகிறேன். மண்டலம் என்றதும் பிள்ளைகளுக்கு நாற்பத்தெட்டு நாள் மருந்தும் மாநகராட்சி மண்டலமும்தான் ஞாபகம் வரும். மடக்கு என்றால் மடங்கு வந்து குழப்பும். பெருக்கல் வரும் பக்கத்தில் அது ஆபத்து.

சொல் எதுவானாலும் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 3310-ன் திரை 84×48 புள்ளி. நான்கு புள்ளிக்கு ஒரு கட்டம் வைத்தால் குறுக்கே 21, நெடுக்கே 12. குறுக்குக் கட்டங்களுக்கு 0 முதல் 20 வரை எண். வலப்பக்கம் போக (குறுக்கு + 1) % 21, அதாவது 20-க்குப் பிறகு 0. (% என்பது வகுத்தால் வரும் மீதி.) இடப்பக்கம் போகும்போதுதான் வழுக்கும். பைத்தானில் -1 % 21 என்றால் 20 வரும், ஸ்கிராட்ச்சிலும் அப்படியே. சி மொழியில் -1 தான் வரும், பாம்பு திரைக்கு வெளியே காணாமல் போகும். ஆகவே எல்லா மொழிக்கும் பொதுவாக (குறுக்கு - 1 + 21) % 21 என்றே அச்சிடுங்கள்.

ஸ்கிராட்ச்சில் இன்னொன்று. அது உருவத்தை மேடையை விட்டு முழுதாக வெளியே போக விடாது. மேடையின் வலது ஓரம் 240. "240-ஐத் தாண்டினால்" என்று நிபந்தனை வைத்தால், சிறிய உருவத்துக்கு அது நிறைவேறாமலே போகலாம். கட்ட எண்ணைத் தனி மாறியில் வைத்து, அதிலிருந்து இடத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

பாசன ஆர்வலர், பூதப்பாண்டி:

"மறுகால்" ஆகாதா? குளம் நிறைந்தால் மறுகால் பாயும். நாஞ்சில் நாட்டில் இதைத் தெரியாத பிள்ளை இல்லை.

நிரலாளர், நாகர்கோவில்:

அண்ணாச்சி, மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும், அதே குளத்தின் மறுபக்கம் வராது. ஆனால் இந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது. எட்டு பிட்டில், அதாவது எட்டு 0/1 இலக்கங்களில், அடங்கும் பெரிய எண் 255. அதோடு 1 கூட்டினால் உள்ளே 0 நிற்கும், ஒன்பதாம் பிட் வெளியே போகும். அந்த வெளியே போகும் பிட்தான் மறுகால்! "மிகுதி", "வழிதல்" என்பவற்றைவிட இது எவ்வளவு துல்லியம். தனி இழையில் பேசுவோம்.

மொழிபெயர்ப்பாளர், குளச்சல்:

எதிர்நுழைவு?

கணினி ஆசிரியை, மார்த்தாண்டம்:

அதே பக்கத்தில் "எதிர்த்திசை" வருகிறது அக்கா. வலப்பக்கம் போகும் பாம்பை இடப்பக்க விசையான 4-ஐ அழுத்தி நேரே திருப்பினால் தன் உடலிலேயே முட்டும், அதைத் தடுக்கும் பகுதி. ஒரு நகர்வுக்குள் மேல் விசையான 2-ஐயும் 4-ஐயும் அடுத்தடுத்து அழுத்தினாலும் இதே விபத்து. கடைசியாக அழுத்திய விசையோடு ஒப்பிடாமல், பாம்பு கடைசியாக நகர்ந்த திசையோடு ஒப்பிட வேண்டும் என்று விளக்கியிருக்கிறேன். எதிர்த்திசை கூடாது, எதிர்நுழைவு கூடும் என்று எழுதினால் பிள்ளைகள் தடுமாறும்.

மொழிபெயர்ப்பாளர், குளச்சல்:

சரிதான். அப்படியானால் மறுகரை. கரைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை, வேட்டிக்கும் கரை உண்டு. பாம்பு மறுகரையேறும், பெயர் மறுகரையேற்றம். கரையேறுதல் என்றால் தப்பிப் பிழைத்தல் என்றும் பொருள். முதல் பாம்பு சுவரில் சாகிறது, இரண்டாவது கரையேறுகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றால் பாடமே நடத்தலாம்: மேற்குக் கடலில் மறைந்த சூரியன் காலையில் கிழக்குக் கடலில் ஏறுகிறது.

கல்லூரி மாணவர், கருங்கல்:

விளையாடுகிற பிள்ளைகள் "அங்கோட்டு போயி இங்கோட்டு வருது" என்றுதான் சொல்லும். ராப் அரவுண்ட் என்றே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன? இணையத்தில் தேடவும் உதவும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தக்கலை:

தம்பி, தேடுவதற்கு அடைப்புக்குள் ஒருமுறை போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வாக்கியத்தில் ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லையே!

மறுகரையை ஏற்க எனக்கு வேறொரு தடை. கையேட்டின் அடுத்த பாடம் 3310-ல் இருந்த பாண்டுமி என்ற குழி விளையாட்டு என்று டீச்சர் முன்பே எழுதியிருந்தார்கள். பக்கத்துக்கு ஆறு குழி, நம் பல்லாங்குழிக்கு ஏழு. பல்லாங்குழியின் பதினான்கு குழிக்கும் 0 முதல் 13 வரை எண் கொடுத்தால், 13-க்கு அடுத்து 0. கணக்கு அதேதான், (குழி + 1) % 14. ஆனால் பலகையில் 13-ம் 0-வும் எதிரெதிரே ஒட்டிக் கிடக்கின்றன. காய் எந்தக் கரையையும் தாண்டவில்லை. அங்கே மறுகரை பொய்த்துவிடும், மண்டலித்தல் பொய்க்காது.

நிரலாளர், நாகர்கோவில்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சார் சொல்வது சரி. எண் திரும்புவது வேறு, திரையில் இடம் மாறுவது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை நாம்தான் கேட்டுவிட்டோம்.

கணினி ஆசிரியை, மார்த்தாண்டம்:

இதுவரை மறுகரையேற்றத்துக்கு ஐந்து பேர், மண்டலித்தலுக்கு இரண்டு பேர், ராப் அரவுண்டுக்கு ஒருவர். பாம்புப் பாடத்தில் மறுகரையேற்றம் என்று போட்டு அச்சகத்துக்கு அனுப்புகிறேன். பாண்டுமிப் பாடத்தில் இப்போதைக்கு "13-க்கு அடுத்து மறுபடி 0" என்று மட்டும் இருக்கும். சொல் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தக்கலை:

அந்த இடத்தில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டு அச்சிடுங்கள் டீச்சர். இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.