டவுன்ஷிப்புக்கு நகரியம் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில உள்ளாட்சி பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே நாட்டுப்புற உள்ளாட்சி அமைப்பைக் குறிக்கும் டவுன்ஷிப் என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். நம் குழுமத்தில் முன்பு அதற்குத் தமிழில் "நகரியம்" என்று முடிவு செய்திருந்தோம். இந்த இடத்தில் அது எனக்கு ஒப்பவில்லை.

நகரியம் என்றதும் நமக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். வேலை செய்பவர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு அது. மின்னசோட்டா டவுன்ஷிப்பில் இருப்பதோ மக்காச்சோளக் காடும் சோயா வயலும், தள்ளித் தள்ளி நிற்கும் பண்ணை வீடுகளும். அதற்குள் ஓர் ஊர் வளர்ந்து சட்டப்படி நகரமாகிவிட்டால், டவுன்ஷிப்பை விட்டே பிரிந்து போய்விடும். நகரம் அல்லாதது என்பதுதான் அதன் இலக்கணமே.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே சொல் இரண்டு பொருளுக்கு நிற்கிறது. 1785-இல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட நிலச் சட்டம் மேற்குப் பகுதி நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளக்கச் சொன்னது. ஒவ்வொரு சதுரத்திலும் 36 துண்டுகள், துண்டுக்கு 640 ஏக்கர். 16-ஆம் துண்டு பள்ளிக்கூடத்துக்கு. இந்தச் சதுரத்துக்கும் டவுன்ஷிப் என்றே பெயர். பிற்பாடு பல இடங்களில் அதே சதுரத்தின் மேலேயே உள்ளாட்சி அமைப்பும் வந்து உட்கார்ந்தது. நம்மிடம் வருவாய் கிராமம் வேறு, ஊராட்சி வேறு என்று இரண்டு பெயர் இருக்கிறதல்லவா? அந்தத் தெளிவு இங்கும் வேண்டும்.

சதுரத்துக்கு "அளவைக்கூறு" என்று வைக்கலாம். உள்ளாட்சிக்கு முதலில் சோழர் காலத்துக் "கூற்றம்" என்று எழுதிப் பார்த்தேன். மிழலைக் கூற்றம் போன்ற அழகான பெயர்கள் நினைவில் இருந்தன. ஆனால் கூற்றம் எமனையும் குறிக்கும். "கூற்ற மன்றம் கூடியது" என்று எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன்.

கடைசியில் "ஊராட்சி"யே சரி என்று படுகிறது. நம் மாவட்டம் போன்ற கவுண்டிக்குக் கீழே பல சிறு குடியிருப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் அமைப்பு. பெரும்பாலும் மூன்று உறுப்பினர், ஓர் எழுத்தர், ஒரு பொருளாளர். சரளைச் சாலையைப் பராமரிப்பதும் பனி அள்ளுவதும்தான் பெரிய வேலை. மார்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வாக்காளர்கள் நேரில் கூடி, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வரி திரட்டுவது என்று தாங்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நம் கிராம சபைக்கு இல்லாத அதிகாரம் இது. இப்படி 1,700-க்கும் மேற்பட்ட டவுன்ஷிப்புகள் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இருக்கின்றன. கிராம சபையில் ஒருமுறை உட்கார்ந்த வாசகருக்கு ஊராட்சி என்ற சொல் போதும், மீதி தானே புரியும்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி:

அளவைக்கூறு நல்ல சொல், ஐயா. ஊராட்சியில்தான் தயக்கம். இலங்கையில் எங்களுக்குப் பிரதேச சபைதான் பழக்கம். ஊராட்சி என்றால் ஆட்சி செய்யும் அமைப்பு விளங்கும், நிலப்பரப்பு விளங்காது. அத்தோடு, தமிழ்நாட்டு வாசகர் அதை இந்தியப் பஞ்சாயத்துச் சட்டத்தோடு சேர்த்துப் படித்துவிட மாட்டாரா?

மறுமொழி:

முதல் தயக்கம் நியாயமானது. நான் அதை யோசிக்கவில்லை. நிலத்தைச் சொல்லும் இடத்தில் "ஊராட்சிப் பரப்பு" என்று எழுதிவிடுகிறேன். இரண்டாவதற்கு, மாநிலப் பெயரை முன்னால் சேர்த்தாலே போதும் என்று நினைக்கிறேன். மாவட்டம், நகராட்சி போன்ற சொற்களையும் பிற நாடுகளுக்கு அப்படித்தானே எழுதுகிறோம். கட்டுரையின் முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: "மின்னசோட்டா ஊராட்சிகள் பலவற்றின் பரப்பு, ஆறு மைல் சதுரமான ஓர் அளவைக்கூறே."