கரண்ட் போய் வந்தால் என்ஜின்எக்ஸ் மட்டும் எழுவதில்லை

தண்டையார்பேட்டை:
வணக்கம். இங்கே ஒரு மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் காசிமேட்டுப் பிள்ளைகள். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு லினக்ஸ் போட்டு, பாடப்புத்தகங்களையும் பழைய வினாத்தாள்களையும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வழியாகத் தருகிறோம். வைஃபையில் சேர்ந்து 192.168.1.10 என்று அடித்தால் போதும், இன்டர்நெட் வேண்டாம்.

கரண்ட் போய் வந்தால் பிசி தானாக ஆன் ஆகிவிடும், பயாஸில் (பிசியின் அடிப்படை செட்டிங்கில்) அப்படி வைத்திருக்கிறேன். ஆனால் பக்கம் திறக்காது. பூட் ஆகும்போது தானாக ஓடும்படி என்ஜின்எக்ஸ் சர்வீஸ் எனேபிள் ஆகித்தான் இருக்கிறது. கையால் ஸ்டார்ட் கொடுத்தால் அடுத்த நொடியே ஓடுகிறது. நான் இல்லாத நாளில் கரண்ட் போனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வினாத்தாள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பரீட்சை நெருங்குகிறது, உதவுங்கள்.

வியாசர்பாடி:
அக்கா, பூட் ஆன நேரத்து லாக் வேண்டும். லாக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் மைனஸ் பி, மைனஸ் யு என்ஜின்எக்ஸ் கொடுத்துப் பாருங்கள். பிசிக்கு ஐபியை (அந்த 192.168.1.10 முகவரியை) யார் தருகிறார்கள், ரவுட்டரா?

தண்டையார்பேட்டை:
ஆமாம், இந்தப் பிசிக்கு எப்போதும் அதே ஐபி என்று ரவுட்டரில் ரிசர்வ் செய்தது. லாக்கில் இருப்பது: "பைண்ட் டு 192.168.1.10:80 ஃபெயில்டு, 99: கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்".

பெரம்பூர்:
அந்த 99-தான் விஷயம். 80 என்ற போர்ட்டை (வெப் பக்கம் கேட்டு வரும் வாசல் எண்ணை) வேறு ஏதாவது புரோகிராம் பிடித்திருந்தால் 98 வரும். 99 என்றால், அந்த நொடியில் 192.168.1.10 என்ற முகவரியே உங்கள் பிசியிடம் இல்லை. கரண்ட் வந்ததும் பிசியும் ரவுட்டரும் ஒன்றாகத்தான் கிளம்புகின்றன. ரவுட்டர் எழுந்து ஐபி கொடுப்பதற்குள் என்ஜின்எக்ஸ் கேட்டுப் பார்த்துவிட்டுச் செத்துப்போகிறது. நீங்கள் கையால் ஸ்டார்ட் கொடுக்கும்போது ஐபி வந்து சேர்ந்திருக்கும்.

என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் ஃபைலில், எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்று சொல்லும் லிசன் வரியில் ஐபியை எடுத்துவிட்டு 80 என்று மட்டும் வையுங்கள். எல்லா முகவரிக்கும் சேர்த்துக் கேட்கும், ஐபி பிறகு வந்தாலும் பிரச்சினை இல்லை. உங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

ஐபி கட்டாயம் இருக்க வேண்டும் என்றால், சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ஜின்எக்ஸ் கொடுத்து, சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டிக்கான யூனிட் பகுதியில், நெட்வொர்க் தயார் என்பதைக் குறிக்கும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை ஆஃப்டரிலும் வான்ட்ஸிலும் போடுங்கள். ஆஃப்டர் என்பது எது முன்னே எது பின்னே என்ற வரிசையை மட்டும்தான் சொல்லும், அந்த டார்கெட்டை இழுத்துவருவது வான்ட்ஸ். வெறும் நெட்வொர்க் டார்கெட் ஐபி வரும்வரை காத்திருக்காது, நிறைய பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதோடு சர்வீஸ் பகுதியில் ரீஸ்டார்ட்டை ஆன்-ஃபெயிலியர் என்றும், ரீஸ்டார்ட்செக்கை (மறுமுயற்சிக்கு இடையே எத்தனை நொடி என்பதை) 10 என்றும் வையுங்கள். இடைவெளி சொல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை முயன்று, 5 முறையோடு கைவிட்டுவிடும்.

திருவொற்றியூர்:
கெர்னல் செட்டிங் மாற்றும் சிஸ்கன்ட்ரோலில், பிசியிடம் இல்லாத ஐபியிலும் பைண்ட் ஆக விடும் ஐபி நான்லோக்கல் பைண்டை 1 ஆக்கினாலும் வேலை நடக்குமே?

பெரம்பூர்:
நடக்கும் சார். ஆனால் நாளைக்கு யாராவது ஐபியைத் தப்பாக அடித்தால் எர்ரரே வராது, பக்கமும் திறக்காது. படிப்பகத்துக்கு அது வேண்டாம்.

தண்டையார்பேட்டை:
லிசன் வரியை மாற்றினேன். என்ஜின்எக்ஸின் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் இன்னொரு ஃபைலிலும் அதே ஐபி இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ரவுட்டர் விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் போனிலேயே பக்கம் திறந்தது. ரீஸ்டார்ட் வரிகளையும் சேர்த்துவிட்டேன். ரொம்ப நன்றி.

வியாசர்பாடி:
கரண்ட் போனாலும் ரவுட்டர் அணையாமல் இருக்க, அதற்கு ஒரு சின்ன டிசி யுபிஎஸ் வாங்கி வையுங்கள் அக்கா. பிசி மட்டும் அணைந்து எழுந்தாலும் ஐபி உடனே கிடைக்கும், பிள்ளைகள் வைஃபையில் மறுபடி சேர வேண்டியதும் இல்லை.