வைஃபை முழுக்கோடு காட்டுகிறது, இணையம் வரவில்லை: இந்தச் சொற்களை விளக்க முடியுமா?

கேள்வி: தங்கச்சிமடம் கணக்குப்பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதிக்காரர்களுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதி வருகிறேன். எங்கள் கொட்டகை அலுவலகத்தில் மூன்று கணினிகளும் ஒரு பிரிண்டரும், நான்கு கேமராக்களும் அவற்றுக்கான பதிவுப் பெட்டியும் உள்ளன. ஏதாவது கோளாறு என்றால் ராமநாதபுரத்திலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. வருபவர் கேட்வே, டிஎன்எஸ், டிஹெச்சிபி என்று சொல்லிக்கொண்டே சரிசெய்துவிட்டுப் போய்விடுகிறார். எங்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அடிப்படையையாவது நீ கற்றுக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

என் ஐயங்கள் இவை. வைஃபை முழுக்கோடு காட்டும்போதும் சில வேளைகளில் எந்தத் தளமும் திறப்பதில்லை. ஆனால் அதே நேரத்தில் பிரிண்டரில் பில் அச்சாகிறது. அது எப்படி? என் கணினியின் முகவரி 192.168.1.7 என்று காட்டுகிறது, ஆனால் 'உங்கள் ஐபி எது' என்று சொல்லும் தளங்களில் வேறு எண் வருகிறது. எது உண்மை? நாங்கள் பணம் கட்டுவது 40 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. கோப்பு இறக்கும்போது 5 என்பதைத் தாண்டுவதே இல்லை, ஏமாற்றுகிறார்களோ? கடைசியாக, முதலாளி வீட்டிலிருந்தே கேமராவைப் பார்க்க விரும்புகிறார். "உங்களுக்குப் பப்ளிக் ஐபி கிடையாது" என்று சொல்லி வந்தவர் கைவிரித்துவிட்டார். அதன் பொருள் என்ன?

பதில்: ராமநாதபுரம், தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

தங்கைக்கு வணக்கம். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். வைஃபை என்பதும் இணையம் என்பதும் ஒன்று என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அவை ஒரே வழியின் இரண்டு வெவ்வேறு துண்டுகள். உங்கள் கணினியிலிருந்து சுவரில் மாட்டியுள்ள பெட்டி வரை ஒரு துண்டு. அந்தப் பெட்டியிலிருந்து சேவை நிறுவனத்தின் நிலையம் வரை இன்னொரு துண்டு. அதற்கு அப்பால் உள்ளதுதான் பரந்த இணையம். வைஃபைக் கோடுகள் முதல் துண்டின் நலத்தை மட்டுமே சொல்கின்றன. தனுஷ்கோடிக்குப் போகிறவர்களின் கைப்பேசியில் கோடுகள் நிறைந்திருக்க, அழைப்பு மட்டும் போகாமல் இருப்பதுண்டு. கைப்பேசி பிடித்திருப்பது இலங்கைக் கோபுரத்தை என்பது பிறகுதான் தெரியவரும். கோடு நிறைந்திருந்தால் வழி முழுவதும் திறந்திருக்கிறது என்று பொருளல்ல.

பில் அச்சாவதற்குக் காரணமும் இதுவே. கணினியும் பிரிண்டரும் ஒரே பெட்டியில் இணைந்துள்ளன. அச்சிடும் செய்தி கொட்டகையை விட்டு வெளியே போவதே இல்லை. இவ்வாறு ஒரு கட்டடத்துக்குள் அமைந்த பிணையத்தைத்தான் லேன் என்கிறோம்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுவது ஓஎன்டி. இரண்டு பிணையங்களுக்கிடையே தகவலை எடுத்துக்கொடுப்பது ரவுட்டர். உள்ளே உள்ள கருவிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைப்பது சுவிட்ச். அதே வேலையைக் காற்றின் வழியே செய்வது வைஃபை ஆக்சஸ் பாயிண்ட். இந்த நான்கையும் இப்போது ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்துவிடுவதால், புதிதாகக் கற்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பே. எது பழுதானாலும் 'மோடம் போச்சு' என்று நம் பக்கத்தில் சொல்வதும் அதனால்தான்.

இனி முகவரி. பெட்டியைப் போட்டவுடன் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணை அதுவே வழங்குகிறது. இந்த எண்தான் ஐபி முகவரி. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஹெச்சிபி. உங்கள் 192.168.1.7 அப்படிக் கிடைத்ததுதான். பெட்டிக்கே உரிய எண் பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். வெளியே போக வேண்டிய எல்லாமே அதன் வழியாகப் போவதால் அதைக் கேட்வே என்கிறார்கள். 192.168 என்று தொடங்குபவையும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் உள்பயன்பாட்டுக்கென்று 1996-ல் வரையறுக்கப்பட்டவை. இதே 192.168.1.7 மண்டபத்திலும் இருக்கும், மதுரையிலும் இருக்கும்; வெளியுலகில் அதற்கு மதிப்பில்லை. ஆகவே தகவல் வெளியேறும்போது ரவுட்டர் உங்கள் எண்ணை நீக்கி வெளி எண்ணை இட்டு அனுப்புகிறது. விடை திரும்பி வந்ததும் யார் கேட்டது என்று தன் பட்டியலைப் பார்த்து உங்களிடம் சேர்க்கிறது. இந்த மாற்று வேலைக்கு நேட் என்று பெயர். எனவே நீங்கள் பார்த்த இரண்டு எண்களும் உண்மையே.

வேகத்தைப் பொறுத்தவரை உங்களை யாரும் ஏமாற்றவில்லை. திட்டத்தில் எழுதியிருப்பது மெகாபிட், கோப்பு இறங்கும்போது திரை காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 40-ஐ எட்டால் வகுத்தால் 5. நியாயமான கணக்கு.

தளம் திறக்காதபோது பின்வரும் வரிசையில் சோதியுங்கள். கணினியில் கட்டளை எழுதும் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஒரு முகவரி விடை தருகிறதா என்று பார்க்கும் பிங் என்ற கட்டளையால் முதலில் 192.168.1.1-ஐக் கேளுங்கள். விடை வந்தால் முதல் துண்டு நலம். அடுத்து 8.8.8.8-ஐக் கேளுங்கள், இது கூகுள் நடத்தும் ஒரு சேவையின் எண். விடை வந்தால் வெளியுலகம் வரை வழி திறந்திருக்கிறது. மூன்றாவதாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு மட்டும் வரவில்லையென்றால் குற்றவாளி டிஎன்எஸ். பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு அது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. 8.8.8.8-க்கே விடை வராவிட்டால் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். நீங்கள் செய்யக்கூடியது நிறுவனத்துக்குப் புகார் கொடுப்பது மட்டுமே.

பதில்: கீழக்கரை, கணினி ஆசிரியர்

ஐயா தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஐபி முகவரியைப் பற்றிப் பேசும்போது மாக் முகவரியை விட்டுவிட்டால், சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் உள்ள வேறுபாடு கடைசி வரை பிடிபடாது. மாக் முகவரி 48 பிட் நீளமுள்ளது, எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு குறிகளாக எழுதப்படுவது, கருவியைச் செய்யும்போதே பதிக்கப்படுவது. விசைப்படகின் பக்கவாட்டில் எழுதியுள்ள பதிவெண்ணை மாக் என்றும், இன்று அது கட்டப்பட்டிருக்கும் துறையை ஐபி என்றும் கொள்ளலாம்: படகு பாம்பனில் நின்றாலும் மண்டபத்தில் நின்றாலும் பதிவெண் மாறாது, துறை மாறும். (இக்காலக் கைப்பேசிகள் வைஃபையில் சேரும்போது பதிவெண்ணையே மாற்றிச் சொல்லும் வசதியுள்ளவை; அதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.) சுவிட்ச் மாக் எண்ணைப் பார்த்து உள்ளுக்குள்ளேயே கொண்டு சேர்க்கிறது. ரவுட்டர் ஐபி எண்ணைப் பார்த்து, இது நம் பிணையத்துக்கு உரியதா, வெளியே போக வேண்டியதா என்று முடிவெடுக்கிறது.

இரண்டாவது, பிங்கை மட்டுமே நம்பி முடிவுக்கு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாக இயங்கும் தளங்களிலேயே சில, பாதுகாப்பு கருதிப் பிங்குக்கு விடை சொல்வதில்லை. ஆகவே ஒரு தளம் விடை தரவில்லையென்றால் இன்னொன்றையும் கேட்டுவிட்டே தீர்ப்பு எழுதுங்கள். பிங் காட்டும் மில்லி விநாடி எண்ணையும் வேகம் என்று கொள்ளாதீர்கள். அது தாமதம். ஒளி கண்ணாடி இழையில் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். இங்கிருந்து சென்னைக்கு இழை வழி 600 கிலோமீட்டர் என்று கொண்டால் போக 3, வர 3 மில்லி விநாடி ஆகும். எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் அந்த ஆறைக் குறைக்க முடியாது.

நிலையாக ஓரிடத்தில் இருக்கும் கணினிகளுக்கு வைஃபை வேண்டாம் என்பது என் கருத்து. தகரச் சுவரும், நீரும் மீனும் நிறைந்த பெட்டிகளும் அலையை நன்றாகவே மெலிவிக்கும். கேபிள் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்: தங்கச்சிமடம் கணக்குப்பிள்ளை

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மதியம் தளங்கள் திறக்காமல் போனபோது ஐயா சொன்ன வரிசையிலேயே சோதித்தேன். 192.168.1.1 உடனே விடை தந்தது. 8.8.8.8-க்கும் விடை வந்தது. பெயர் கொடுத்துக் கேட்டபோது மட்டும், இரண்டு தளங்களுக்குமே, கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. எடைமேடைக்கு அருகில் கேபிளில் இணைந்துள்ள கணினியில் முதல் சோதனையே தோற்றது. அதன் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. ரவுட்டரின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தபோது அதன் வெளி எண் 100.72 என்று தொடங்கியது. அந்தத் தளங்கள் காட்டும் எண் அதுவுமல்ல. இப்போது மூன்று எண்கள் ஆகிவிட்டன.

பதில்: தொண்டி, கேமரா பொருத்தும் தொழில்

உங்கள் மூன்றாவது எண்ணில்தான் கேமராவுக்கான விடை இருக்கிறது. ஐபியின் நான்காம் பதிப்பு 32 பிட் கொண்டது. மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தாம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நிறுத்துகின்றன. 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் இதற்கென்றே 2012-ல் ஒதுக்கப்பட்டவை. அதாவது உங்கள் கொட்டகையில் ஒரு நேட், நிறுவனத்திடம் இன்னொரு நேட். உள்ளிருந்து வெளியே கேட்கும் கேள்விக்கு விடை வரும். வெளியிலிருந்து தானாக ஒருவர் உங்கள் கதவைத் தட்ட வழியில்லை. பப்ளிக் ஐபி இல்லை என்று அவர் சொன்னது இதைத்தான்.

கைவிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. பதிவுப் பெட்டியை அதன் தயாரிப்பாளரின் கிளவுட் சேவையில் பதிந்து, பெட்டியின் மேலுள்ள க்யூஆர் குறியை முதலாளியின் கைப்பேசியில் படிக்கவைத்தால் போதும். பெட்டியே வெளியே சென்று தொடர்பைத் திறந்து வைத்துக்கொள்வதால் பொது எண் தேவைப்படாது. நிறுவனத்திடம் தனிக் கட்டணம் கட்டி நிலையான பொது எண் வாங்குவது மற்றொரு வழி. நான் முதல் வழியையே சொல்வேன், ஏனென்றால் பொது எண் வாங்கிப் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் கதவை, திறந்துவிட்டால் முதலாளி மட்டுமல்ல, ஊரில் உள்ள எல்லோருமே தட்டிப் பார்க்கலாம். எந்த வழியானாலும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அவற்றைக்கொண்டே பெரிய டிஎன்எஸ் நிறுவனம் ஒன்றைத் தாக்கியது. அமெரிக்காவில் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

டிஎன்எஸ் கோளாறைக் கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

பதில்: கீழக்கரை, கணினி ஆசிரியர்

சோதனை முடிவே நோயைச் சொல்லிவிட்டது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி பகுதிக்குச் சென்று, டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்றும், இரண்டாவதாக 1.1.1.1 என்றும் எழுதிச் சேமியுங்கள். பிறகு கணினிகளை ஒருமுறை அணைத்துப் போட்டால் புதிய எண்களை வாங்கிக்கொள்ளும்.

169.254 என்பது டிஹெச்சிபியிடமிருந்து எண் கிடைக்காதபோது கணினி தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் முகவரி. மற்றக் கருவிகளுக்கு எண் கிடைத்துக்கொண்டிருப்பதால் ரவுட்டரில் குறையில்லை. அந்தக் கணினிக்குச் செல்லும் கேபிளைத்தான் ஐயுற வேண்டும்.

பதில்: ராமநாதபுரம், தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

கேபிளின் முனையைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரையில் உப்புக்காற்று படும் இடத்தில், அதுவும் எடைமேடைக்கு அருகில் தண்ணீர் தெறிக்கும் இடத்தில், ஆர்ஜே45 முனையின் செம்பில் பச்சைக் களிம்பு ஏறாமலிருந்தால்தான் வியப்பு. துடைத்துப் பார்ப்பது வீண். முனையை வெட்டிவிட்டுப் புதிய முனையைக் கருவியால் அழுத்திப் பொருத்துங்கள் (இதைத்தான் கிரிம்ப் என்பார்கள்). கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. மறுமுனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும். வெட்டும் இடத்தில் செம்பு கறுத்திருந்தால் ஈரம் உள்ளே ஏறிவிட்டது என்று கொண்டு, பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள்.

கேட்டவர்: தங்கச்சிமடம் கணக்குப்பிள்ளை

களிம்பேதான் ஏறியிருந்தது. புதிய முனை போட்டதும் 192.168.1.9 கிடைத்துவிட்டது. டிஎன்எஸ் எண்களையும் மாற்றிவிட்டேன். முதலாளி இப்போது ஐஸ் கம்பெனிக் கட்டடத்துக்கும் இதே பிணையத்தை நீட்டச் சொல்கிறார். கொட்டகையிலிருந்து அது 140 மீட்டர் இருக்கும். இதே கேபிளையே இழுக்கலாமா?

பதில்: தொண்டி, கேமரா பொருத்தும் தொழில்

இழுக்காதீர்கள். செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் போகும் என்றாலும், அதற்கு வெயிலிலும் மழையிலும் மின்சாரமும் பெட்டியும் தேவைப்படும். இரண்டு கட்டடங்களுக்கும் மின் இணைப்பு வேறு வேறாக இருக்கும் என்பதாலும், ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் உள்ள ஊர் என்பதாலும், ஃபைபர் இழுத்து இரு முனைகளிலும் ஒளியையும் மின்குறியையும் ஒன்றுக்கொன்று மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஒரு பக்கம் மின்னல் அடித்தாலும் இழை வழியாக மறுபக்கக் கருவிக்கு அது போகாது. இரும்புக் கம்பி சேர்த்த ஃபைபரைத் தந்தால் அந்தப் பயன் கெட்டுவிடும். கடைக்காரரிடம் உலோகம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.