ரீபூட் ஆனா எஸ்எஸ்ஹெச் வரமாட்டேங்குது, அவசரம்

புளியங்கொட்டை: சர்வர் ரீபூட் ஆனா எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து சர்வர்ல நுழையுற சர்வீஸ்) ஏறவே மாட்டேங்குது. கன்சோல்ல போய் கையால ஸ்டார்ட் பண்ணா உடனே ஓடுது. கான்ஃபிக்ல தப்பில்ல. உதவுங்க.

வெட்டிவேர்: எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை)? நெட்வொர்க் கார்டுக்கு ஐபி முகவரியைப் போடுறது யாரு, நெட்வொர்க்மேனேஜரா, இஃப்அப்டவுனா? ஜர்னல்ல (சிஸ்டம் லாக்) கடைசி வரி என்ன?

நடுநிசி: டிஎன்எஸ்தான். கான்ஃபிக்ல யூஸ்டிஎன்எஸ் (வர்றவங்க பேரை டிஎன்எஸ்ல தேடுறது) நோ போடுங்க.

வெட்டிவேர்: டிஃபால்ட்டே நோதான். அதுவும் பூட்ல தடுக்காது.

மணிக்கூண்டு: எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீயில (சர்வீஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஓடுற கட்டளை) ஸ்லீப் 30, அதாவது 30 வினாடி காத்திருக்கட்டும். வேலை முடிஞ்சது.

புளியங்கொட்டை: டெபியன் 12. "எந்த முகவரியிலும் பைண்ட் ஆகல"ன்னு ஃபேட்டல் எர்ரர் (பைண்ட்னா முகவரியைப் பிடிச்சு உட்கார்றது). லிசன்அட்ரஸ்ல (எஸ்எஸ்ஹெச் எந்த ஐபியில கேட்கணும்ங்கிற அமைப்பு) 192.168.10.5 இருக்கு. அது முக்கியமா?

கர்னல்தாத்தா: முக்கியமாவா! அதை முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை பேர் குறி சொல்லியிருக்க வேண்டாம். எஸ்எஸ்ஹெச் யூனிட் (பூட்ல சர்வீஸ்களை எழுப்புற சிஸ்டம்டியோட ஃபைல்) நெட்வொர்க்.டார்கெட்டுக்கு (பூட்ல ஒரு கட்டம்) அப்புறம் ஏறும். அந்த டார்கெட் வந்ததால கார்டுக்கு ஐபி வந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. ஐபி இல்லாதப்ப அந்த முகவரியில பைண்ட் பண்ணா எர்ரர் 99 (அந்த முகவரி இங்க இல்ல). 0.0.0.0-ல (எல்லா முகவரியிலும்) கேட்டிருந்தா இந்தச் சிக்கலே கிடையாது. இன்னொண்ணு: எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சர்வர் நிரல்) 255-ங்கிற எர்ரர் கோடோட வெளியேறும். டெபியன் யூனிட்ல ரீஸ்டார்ட்ப்ரிவென்ட்எக்ஸிட்ஸ்டேடஸ்=255 இருக்கு, அதனால சிஸ்டம்டி மறுபடி முயற்சியே பண்ணாது. யூனிட் ஃபைலைத் திறந்து பார்த்தா தெரியும். யாரு பார்க்கிறா?

நடுநிசி: சிஸ்டம்சிடிஎல் எடிட் எஸ்எஸ்ஹெச் கொடுத்து யூனிட் பகுதியில வான்ட்ஸ் (இதையும் எழுப்பு), ஆஃப்டர் (இதுக்கு அப்புறம் ஏறு) ரெண்டுலயும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் (நெட்வொர்க் தயார்ங்கிற கட்டம்) போடுங்க. ஆஃப்டர் மட்டும் போட்டா வரிசைதான் மாறும், டார்கெட்டை யாரும் எழுப்ப மாட்டாங்க.

புளியங்கொட்டை: ரெண்டும் போட்டாச்சு. அப்படியேதான் இருக்கு.

வெட்டிவேர்: இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல (இஃப்அப்டவுனோட கார்டு அமைப்பு) கார்டு பேருக்கு முன்னாடி ஆட்டோவா, அலவ்-ஹாட்பிளக்கா?

புளியங்கொட்டை: அலவ்-ஹாட்பிளக். இன்ஸ்டாலர் போட்டது.

வெட்டிவேர்: அதான். அந்தக் கார்டை யூடெவ் (கருவிகளைக் கண்டுபிடிக்கிற சர்வீஸ்) தன் நேரத்துக்கு எழுப்பும். நெட்வொர்க்கிங்.சர்வீஸ் ஆட்டோ போட்டதுக்கு மட்டும்தான் காத்திருக்கும், அதனால ஆன்லைன் டார்கெட்டும் முன்னாடியே வந்துடும். ஆட்டோன்னு மாத்துங்க. டிஹெச்சிபின்னா (ஐபியைத் தானா வாங்குறது) கேபிள் இல்லாதப்ப பூட் தொங்கும். நீங்க ஸ்டேட்டிக் (கையால போட்ட ஐபி) தானே?

மணிக்கூண்டு: ஸ்லீப் 30 இதையெல்லாம் கேட்காது.

கர்னல்தாத்தா: 31-ஆவது வினாடியில கார்டு வந்தா? சிஸ்சிடிஎல்ல (கர்னல் அமைப்பு) ஐபிவி4-க்கு ஐபி_நான்லோக்கல்_பைண்ட்=1. ஐபி வராமலே பைண்ட் ஆகும்.

நடுநிசி: அது மொத்த மெஷினுக்கும் திறந்துவிடும். நாளைக்கு ஐபியைத் தப்பா டைப் பண்ணாலும் எர்ரர் வராது, சர்வீஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கர்னல்தாத்தா: ஹெச்ஏபிராக்ஸி, கீப்அலைவ்டி (ஒரு சர்வர் போனா இன்னொண்ணு தாங்குற ஏற்பாடு) போடுறவங்க நிறைய பேர் அதைத்தான் வைக்கிறாங்க.

நடுநிசி: அங்க மிதக்கும் ஐபி (சர்வர்ல இருந்து சர்வருக்கு மாறுறது), தேவை இருக்கு. இங்க ஒரே ஒரு கார்டு.

புளியங்கொட்டை: ஆட்டோ போட்டேன், வந்துடுச்சு. நன்றி.

வெட்டிவேர்: ஒரு ரீபூட்தான் பார்த்தீங்களா? இது ரேஸ் (எது முதல்ல ஏறுதுங்கிற போட்டி), ஒரு தடவை தானாவும் ஜெயிக்கும். நாலஞ்சு தடவை பண்ணிட்டு கன்சோலை விடுங்க.

வெட்டிவேர்: இருக்கீங்களா?