மூன்று மாத ஏஆர்டி (ஹெச்ஐவி) மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கலாமா?

தேரிக்காடு:
வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, அடங்கி, ஒழுங்காக மாத்திரை எடுப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடணும் என்பது என் கட்சி. ஹெச்ஐவி மருந்து 2004 ஏப்ரலிலிருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் உவரியிலிருந்து பாளை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு. பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தட்டைத் தொடாத நாளைக்குக் காசு கிடையாது.

பொருநைக்கரை:
ஒத்துக்க மாட்டேன், அண்ணாச்சி. மாசாமாசம் டப்பாவைத் திறந்து எண்ணுவது சடங்கில்லை. 30 மாத்திரை வாங்கியவர் 28 நாள் கழித்து வந்தால் 2 மிச்சம் இருக்கணும். 5 இருந்தால் 25-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்க, 89 சதவீதம். 95-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே உட்கார்ந்து பேசலாம். விட்டுவிட்டுப் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். ஏஆர்டியில் உள்ள லாமிவுடின் மருந்து வலுவிழக்க வைரஸில் ஒரே ஒரு மாற்றம் போதும்.

தேரிக்காடு:
மிச்ச மாத்திரையை வழியிலேயே கொட்டிவிட்டு வந்தால் உங்க கணக்கில் நூறு சதவீதம்! உள்ளதைச் சொல்வது வைரல் லோடுதான்: 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. ஒரு மில்லிலிட்டருக்கு 1000-க்கு மேல் போனாலும் உடனே மருந்தை மாற்றக் கூடாது, காரணத்தைத் தோண்டணும். ஒரு நாள் தவறாமல் போட்டும் ஏறுவதுண்டு. டிஎல்டி என்ற மூன்று மருந்து சேர்ந்த ஏஆர்டி மாத்திரையில் உள்ள டொலுடெகிராவிரை வெறும் வயிற்றில் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால், இரும்பும் கால்சியமும் அதைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேராது. டிஎல்டியைச் சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்னால் போடணும், இல்லை 6 மணி நேரம் பின்னால். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். கர்ப்பிணிகளிடம் இதைக் கேட்காமல் மாத்திரையை எண்ணி என்ன பயன்?

வள்ளியூர் மதினி:
மூணு டப்பாவை எங்கே ஒளித்து வைக்க? வீட்டில் மாமியாருக்குத் தெரியாதவர்களுக்கு ஒரு டப்பாவே பாரம். பையில் கலகலவென்று சத்தம் கேட்கும் என்று பாலிதீன் கவரில் மாற்றிவிடுகிறார்கள். அதில் ஈரம் ஏறி மாத்திரை கெடும். டப்பாவுக்குள் கிடக்கும் குட்டிப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சத்தான், அதைத் தூக்கிப் போடக் கூடாது. மேலே காய்ந்த பஞ்சை அடைத்து மூடினால் சத்தம் வராது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். பக்கத்து லிங்க் ஏஆர்டி மையத்தில், அதாவது பெரிய மையத்தோடு இணைந்து ஊர்ப்பக்கம் மருந்து கொடுக்கும் இடத்தில், வாங்க வழி செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பொருநைக்கரை:
மதினி சொல்வது சரி. என் பயம் காசநோய். அதற்கான ரிஃபாம்பிசின் மருந்தை ஆரம்பித்தால் டொலுடெகிராவிர் அளவு ரத்தத்தில் இறங்கும். டிஎல்டி போட்டு 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டொலுடெகிராவிர் வேணும். இரண்டாம் மாதம் வெளி டாக்டரிடம் காசநோய் மருந்து ஆரம்பித்தவரை, மூன்றாம் மாதம் வரை யார் கவனிப்பா? முதல் ஆறு மாதம் மாசாமாசம் வரட்டும். அதற்கப்புறம் மூணு மாதம் கொடுங்க. ஆனால் மாதம் ஒரு போன். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, புதுசாக ஏதாவது மாத்திரை. இந்த அஞ்சையும் கேட்டே ஆகணும்.

வள்ளியூர் மதினி:
போனை மகன் எடுத்தால்? சம்மதமில்லாமல் நோயைச் சொல்லக் கூடாது என்று 2017 ஹெச்ஐவி சட்டமே இருக்கு. எந்த நம்பர், எத்தனை மணிக்கு, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல என்பதை அவங்களிடமே கேட்டு முதல் நாளே எழுதி வைக்கணும். அதைச் செய்துவிட்டு மூணு டப்பாவைக் கொடுங்க.