புதுப்பிப்பு: ரீபவுண்டைக் கோட்டை விட்ட பசங்க

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: காரைக்குடியில் நான் கூடைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் பசங்க நன்றாகத்தான் குதிக்கிறார்கள், ஆனால் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் தவறித் திரும்பி வரும் பந்து) எல்லாம் எதிரணிக்கே போகிறது என்று. ஸ்கிப்பிங் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுத்தேன். கெண்டைக்கால் வலிதான் மிச்சம்.

கோளாறு காலில் இல்லை, கண்ணில். ஷாட் கிளம்பியதும் ஐந்து பேரும் அண்ணாந்து பந்தையே பார்த்தார்கள். சரி என்று பத்து நாள் குதிப்பதையே நிறுத்திவிட்டேன். பந்து கிளம்பியதும் உன் ஆளைத் தேடு, முன்கையால் தொடு, அப்புறம் திரும்பி, முழங்காலை மடக்கி, இடுப்பால் அவனைப் பின்னாலேயே நிறுத்து. பந்து தரையில் விழும்வரை யாரும் தொடக் கூடாது.

சிராவயல் பையன் ஒருவன் கேட்டான்: "மஞ்சுவிரட்டுல மாட்டத்தான் பாக்கணும்பாங்க. இங்க மாட்ட விட்டுட்டு ஆளப் பாக்கச் சொல்றீங்களே சார்?"

பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று, டென்னிஸ் ராட்மேன் என்ற அமெரிக்க வீரரின் கதையைச் சொன்னேன். 6 அடி 7 அங்குலம்தான். 1992 முதல் 1998 வரை தொடர்ந்து 7 சீசன் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ரீபவுண்டில் முதலிடம். சக வீரர்களின் பந்து எப்படிச் சுழல்கிறது என்றுகூடக் கவனித்தவர். எங்கள் பசங்க இப்போதைக்கு ஒன்று பிடித்துக்கொண்டார்கள்: மூலையிலிருந்து போட்டுத் தவறினால் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைப் பசங்களிடம் தோற்றோம். ஆனால் ரீபவுண்ட் நம்முடையது. புதுத் தலைவலி, பிடித்த பந்தை இடுப்புக்கு இறக்குகிறார்கள். குட்டையான பையன் வந்து தட்டிக்கொண்டு போகிறான். தாடைக்குக் கீழே, முழங்கை விரித்து வைக்கச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.