என்னிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்கிறார்கள்

கேள்வி (சேலம்):
எனக்கு 32 வயது, ஆடிட்டர் ஆபீஸில் வேலை, சக்கர நாற்காலியில்தான் போய்வருகிறேன். ஜவுளிக்கடையில் விற்பனையாளர் என் தலைக்கு மேலே பார்த்து, “பாப்பாவுக்கு என்ன கலர்மா புடிக்கும்?” என்று அம்மாவைக் கேட்கிறார். கார்டை நீட்டுவது நான். மெஷினை அம்மா பக்கம் திருப்பி பின் நம்பர் போடச் சொல்கிறார்கள்! கல்யாண வீட்டில் இன்னும் மோசம். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்து, “இந்த நிலைமையிலயும் என்ன சிரிச்ச முகம்” என்று கன்னத்தைத் தடவுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பதில் (மதுரை, பார்வையற்றவன்):
கேட்காமலே என் வெள்ளைக் கோலைப் பிடித்து இழுத்து ரோட்டைக் கடத்திவிடுவார்கள், கூடவே “பாவம்”. நான் நின்றுவிடுவேன். “சார், கோலை விடுங்க. உங்க முழங்கையை நான் புடிச்சுக்கிறேன்” என்பேன். பெரும்பாலானோர் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

பதில் (வழக்கறிஞர்):
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 92: பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. கடைக்காரர் பேச்சில் அந்த உள்நோக்கம் இல்லை, வழக்கு நிற்காது. ஆனால் பின் நம்பர் விஷயத்தை மேலாளரிடம் எழுதியே கொடுங்கள் தங்கச்சி, அது உங்கள் பணம்.

பதில் (ஒரு அம்மா, ஈரோடு):
என் மகனோடு போகும்போது நான் பதிலே சொல்வதில்லை. “அவன்கிட்டயே கேளுங்க” என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்வேன். உங்கள் அம்மாவிடமும் பேசிப் பாரும்மா.